விழாத ஆள்

மிசாவோவின் முஷ்டி இதுவரை எவன் மீதும் பட்டதில்லை. திரையில் அவள் அடித்துத் துவைத்த ரௌடிகளை வரிசையில் நிற்க வைத்தால் ஸ்டூடியோ வாசலிலிருந்து டிராம் நிறுத்தம் வரை நிற்பார்கள். ஆனால் ஒருவனுக்கும் உதடு கிழிந்தது கிடையாது. முஷ்டி தொண்டைக்கு ஓர் அங்குலம் முன்னால் போய் நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் எதிரில் இருப்பவன் தலையை வெடுக்கென்று பின்னால் தள்ளிக்கொண்டு விழ வேண்டும். அதுதான் தொழில். நிறுத்தத் தெரியாதவளுக்கும் விழத் தெரியாதவனுக்கும் அங்கே சோறு கிடையாது.

கராத்தேப் படங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம். கியோத்தோவின் மேற்குக் கோடியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் மாதத்துக்கு ஒரு படம் பொரித்து எடுத்தார்கள். கதையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கும்பல்காரர்கள் அப்பாவைக் கொல்வார்கள், மகள் கராத்தே கற்றுக்கொண்டு வந்து மொத்தக் கும்பலையும் தனி ஆளாகத் தீர்த்துக்கட்டுவாள். முகம் நடிகையுடையது. முதுகும் முஷ்டியும் மிசாவோவுடையது. போஸ்டரில் முதுகுக்கு என்ன வேலை? அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

அவளுக்குப் பெருமை வேறொன்றில் இருந்தது. ஓடுகிற கேமராவை அவள் ஒருபோதும் நிற்க வைத்ததில்லை. யாராவது சொதப்பினால், தாமதமாக விழுந்தால், தப்பான பக்கம் திரும்பினால், அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள். பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஒருமுறை விரல் எலும்பு முறிந்த பிறகும் காட்சியை முடித்துவிட்டுத்தான் கத்தினாள். டைரக்டர் சகாகி வாய் நிறையப் பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே அன்று, "இவ ஒருத்தி இருந்தா போதும்டா எனக்கு" என்றார்.

தம்பி தமோட்சு அதே ஸ்டூடியோவில் ஆயுத அறையில் இருந்தான். ஆயுதம் என்றால் மூங்கில் கத்தி. வெள்ளித் தாள் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் மின்னும்படி செய்து கொடுப்பான். பெற்றவர்கள் போன பிறகு இருவரும்தான் ஒருவருக்கொருவர் துணை. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், வயிறு அதைவிட நீளம். அந்த வயிறுதான் அவனை ரயில் பாலத்தடி நூடுல்ஸ் கடைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தது.

அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஒனிஸுகா கும்பல் ரொம்ப நாளாகக் கடைக்காரரை மிரட்டிக்கொண்டிருந்தது. அவர் மசியவில்லை. அன்று மத்தியானம் கும்பலின் இரண்டாம் தலை நேரில் வந்து, கொதிக்கிற சட்டியை அவர்மேல் கவிழ்த்து, கடை நாற்காலியாலேயே அவரை அடித்துக் கொன்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். மூலையில் இருந்த தமோட்சுவுக்கு மட்டும் ஓட வழியில்லாமல் போனது. முழுவதையும் பார்த்தான். போலீஸ் கேட்டபோது பார்த்ததைச் சொன்னான். கோர்ட்டிலும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டான்.

"ஏண்டா, ஊர்ல உள்ளவன் எல்லாம் ஓடிட்டான், உனக்கு மட்டும் என்ன?" என்று மிசாவோ கத்தினாள்.

"அந்த மனுஷன் எனக்கு எப்பவும் ஒரு முட்டை சேத்துப் போடுவாரு அக்கா" என்றான் அவன். "அவருக்குன்னு பேச வேற யாரு இருக்கா?"

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். லவங்கப்பட்டை வாசனை வீசுகிற இனிப்புப் பெட்டி ஒன்று கையில். வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ஷிமொதா என்று தன் பெயரைச் சொல்லி, நெற்றி பாயில் படும்படி வணங்கினான். பத்து விரலும் முழுசாக இருந்தன. அந்த உலகத்தில் தப்புச் செய்தவன்தான் சுண்டுவிரலை வெட்டிக் கொடுப்பான். இவன் ஒரு வேலையையும் கெடுத்ததில்லை போலிருக்கிறது.

"தம்பிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன்" என்றான் ஷிமொதா.

"சாப்பாட்டு விஷயத்துல மட்டும்" என்றாள் மிசாவோ.

"ரொம்ப நல்லதா போச்சு. கோர்ட்ல நூடுல்ஸ் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொன்னா போதும்."

தேநீரை ஒரு மிடறு குடித்தான். பிறகு அவள் கைகளையே பார்த்தான்.

"உங்க படம் ஒண்ணு விடாம பாத்திருக்கேன் அக்கா. முகந்தான் தெரியாது, முதுகு நல்லாத் தெரியும். எங்க பசங்க எல்லாம் உங்க ரசிகனுங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அடி படறதுக்கு முன்னாடியே எல்லாரும் விழுந்துடறானுங்களே, அது ஏன்?"

"அது நடிப்பு."

"ஓ. நாங்க அடி பட்டாதான் விழுவோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வணங்கிக் கிளம்பினான்.

அவன் போனதும் தமோட்சு பெட்டியைப் பிரித்து இரண்டு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கு. கொலைகாரனுங்களுக்கு நாக்கு செத்துப் போகல." மிசாவோ பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். பயத்தை அவனுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் ஒக்குமுரா, தலை நரைத்த, எப்போதும் தூக்கம் போதாத முகம் கொண்ட மனிதர். கோர்ட் நாள் வரை தமோட்சு போலீஸ் விடுதியில் இருக்கட்டும் என்றார். மிசாவோ மறுத்தாள். போலீஸ்காரர்களில் எத்தனை பேர் ஒனிஸுகா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் என்று யாருக்குத் தெரியும்?

"எங்கூடவே ஸ்டூடியோவுக்கு வரட்டும் சார். வாசல்ல காவல் இருக்கு. உள்ள முப்பது நாப்பது ஆம்பளைங்க, பாதிப் பேரு பிளாக் பெல்ட்டு. எவன் வருவான்?"

"அவங்க எல்லாம் அடிக்கிற மாதிரி நடிக்கிறவங்கம்மா" என்றார் ஒக்குமுரா.

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ரோஷத்தோடு எழுந்து வந்துவிட்டாள்.

கோர்ட்டுக்கு முந்தின நாள், படத்தின் கடைசிச் சண்டை. கும்பல் தலைவனின் வீட்டுக் கூடம் மாதிரி செட் போட்டிருந்தார்கள். பாய் விரித்த நீளமான கூடம், இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய கதவுகள். சாக்கிலிருந்து அரிசியைக் கொட்டிவிட்டதுபோல் மூலைக்கு மூலை துணை நடிகர்கள். எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே கறுப்புக் கண்ணாடி. சிலர் சுண்டுவிரலை மடக்கி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, விரல் போன ரௌடியாக மிடுக்காக உலாத்தினார்கள். ஆள் அனுப்புகிற ஏஜெண்டு புதுசாகச் சிலரையும் அனுப்பியிருந்தான். பெரிய சண்டை என்றால் அது எப்போதும் நடப்பதுதான். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, கோட்டு அளவைத்தான் பார்ப்பார்கள்.

தமோட்சு செட்டின் ஓரத்தில் ஆயுத வண்டியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. கையில் பாதி கடித்த சோற்று உருண்டை.

"என் கண்ணு படற இடத்துலயே இரு. அங்க இங்க நகந்த, கொன்னுடுவேன்" என்றாள் மிசாவோ.

"நீ கொன்ன கணக்குக்கு இந்த நாட்டுல கும்பல்னு ஒண்ணு மிச்சம் இருக்கவே கூடாது அக்கா" என்று சிரித்தான். "முடிஞ்சதும் போய் நூடுல்ஸ் சாப்பிடலாம். வேற கடையில."

சகாகி ஒலிபெருக்கியை எடுத்தார். "ஒரே ஷாட்டு. நடுவுல வெட்டு கிடையாது. இந்தக் கதவுலேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் போயிட்டே இருக்கணும். செத்தவன் நான் 'கட்' சொல்ற வரைக்கும் செத்தே கிடக்கணும். எவனாவது தலையத் தூக்கினா நிஜமாவே சாகடிப்பேன். புரியுதா?"

எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் போட்டார்கள். கேமரா ஓடத் தொடங்கியது.

மிசாவோ கூடத்துக்குள் பாய்ந்தாள். முதல் ஆள், தொண்டை, விழுந்தான். அடுத்தவன், விலா, சுருண்டான். பின்னாலிருந்து வந்தவனுக்கு முழங்கை. அவன் கதவைக் கிழித்துக்கொண்டு போனான். இந்த நேரத்தில் அவளுக்கு மனசு என்று ஒன்று இருக்காது. உடம்பு தானாகப் போகும். எத்தனையோ நாள் ஒத்திகையில் கால் எங்கே, கை எங்கே என்று பதிந்து போனது. முஷ்டி போகும், ஓர் அங்குலத்தில் நிற்கும், ஆள் விழுவான். அவ்வளவுதான்.

கூடத்தின் நடுவில் தூணருகே நின்றவனின் தொண்டைக்கு முஷ்டி போனது. நின்றது. அவன் விழவில்லை.

தலைகூட அசையவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

'புதுசு. விழத் தெரியாத மடையன்' என்றுதான் அவளுக்குத் தோன்றியது. "விழுடா எருமை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அவன் விழாததால், பழக்கப்படி அதை விழுங்கினாள். இத்தனை வருடம் எதைப் பெருமை என்று நினைத்தாளோ அதையே செய்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவனை உதைத்தாள். அவன் விழுந்தான். அதற்கடுத்தவனும் விழுந்தான். ஷாட் தப்பித்தது.

மூன்றாவது ஆளின் மீது கை போய்க்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. முகத்துக்கு நேரே ஒரு கை பாய்ந்து வந்தால், விழத் தெரியாதவன்கூடக் கண்ணை மூடுவான், பின்னால் ஓர் அடியாவது வைப்பான். இவன் மூச்சுக்கூட விடவில்லை. நாங்க அடி பட்டாதான் விழுவோம்.

திரும்பினாள். அவன் தூணைத் தாண்டி, விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, அவசரமே இல்லாமல் ஆயுத வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். கையில் இருந்தது மூங்கில் இல்லை. மூங்கிலைப் பிடித்திருக்கிறவனின் மணிக்கட்டு அப்படி இறுகி இருக்காது.

"தமோட்சு!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். சகாகிக்கு அதுவும் நடிப்பாகத்தான் தெரிந்தது. "விடாதே, ஓடட்டும்" என்று கேமராக்காரரிடம் சொன்னார்.

தமோட்சு தலையைத் தூக்கிப் பார்த்தான். வாயில் சோறு இருந்தது. எழுவதற்குள் அந்த ஆள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்குள் மிசாவோவும் வந்துவிட்டாள். நேரம் இருந்தது. அதுதான் கொடுமை, நேரம் இருந்தது. அந்த ஆளின் பக்கவாட்டுக் கழுத்து அவளுக்கு முன்னால் திறந்து கிடந்தது. உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் திரட்டி அடித்தாள். அந்த அடி பட்டிருந்தால் எருது செத்திருக்கும்.

முஷ்டி ஓர் அங்குலத்தில் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. கை தானாக நின்றது. சிறு வயதில் கராத்தேப் பள்ளியில் பழக்கியது, பிறகு ஸ்டூடியோவில் தினம் தினம் செய்தது, அது அவளைக் கேட்காமல் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவன் மெல்லத் தலையைத் திருப்பி, தன் கழுத்தருகே நின்ற முஷ்டியைப் பார்த்தான்.

"நான் விழணுமா அக்கா?" என்றான். ஷிமொதாவின் குரல்.

பிறகு கத்தியைத் தமோட்சுவின் வயிற்றில் இறக்கினான். மேலே இழுத்தான். வந்த மாதிரியே நிதானமாகச் செட்டின் பின்கதவு வழியாக வெளியே போனான்.

மிசாவோ தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள். டாக்டர், ஆம்புலன்ஸ், யாராவது வாங்க. கூடம் முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். ஒருவரும் எழவில்லை. 'கட்' இன்னும் சொல்லவில்லையே. முகம் குப்புற, மல்லாக்க, கதவில் தொங்கியபடி, அத்தனை பேரும் சமர்த்தாகச் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் நடுவில் தமோட்சு நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... சூடா இருக்கு" என்றான். அடுப்பைச் சொன்னானா, ரத்தத்தைச் சொன்னானா தெரியவில்லை. சகாகி 'கட்' சொன்னபோது அவன் மூச்சு நின்றுவிட்டிருந்தது.

கோர்ட்டில் தமோட்சுவின் இடம் காலியாக இருந்தது. கும்பலின் இரண்டாம் தலை வெளியே வந்தான். தகனம் முடிந்து, அந்த ஊர் வழக்கப்படி குச்சிகளால் தம்பியின் எலும்பை ஜாடிக்கு எடுத்துப் போட்டபோதும் மிசாவோ அழவில்லை. வலது கையை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டாள். அதை வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இரண்டொரு நாளில் ஒக்குமுரா கூப்பிட்டு அனுப்பினார். குத்தியவன் தானாகவே சரணடைந்துவிட்டானாம்.

"வந்து பாத்துட்டு, இவன்தான்னு சொல்லிட்டுப் போயிடும்மா" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேமராவுல எல்லாம் பதிவாகியிருக்குமே சார்?"

"லேப்ல வெளிச்சம் பட்டு அந்தச் சுருள் மொத்தமும் வெளுத்துப் போச்சாம். ஸ்டூடியோக்காரங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"அவ்வளவு பேர் இருந்தாங்களே?"

"எல்லாரையும் கேட்டாச்சு. 'நாங்க செத்துக் கிடந்தோம் சார், செத்தவன் எப்படிப் பாக்க முடியும்'ங்கறாங்க. உங்க டைரக்டரு மட்டும், கண்ணாடி போட்டிருந்தான், இவனாவும் இருக்கலாம்னு சொல்றாரு."

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன். ஒடிசலான தேகம், வறட்டு இருமல். இடுப்பில் கயிறு கட்டி நாற்காலியோடு பிணைத்திருந்தார்கள். ஷிமொதாவின் உயரம்தான், அதே கறுப்புக் கோட்டு. தலைமுடியைக்கூட அதே மாதிரி வெட்டி அனுப்பியிருந்தார்கள். பெரிய ஆள் செய்ததற்குச் சின்ன ஆள் உள்ளே போவது அவர்கள் வழக்கம். போலீஸுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். எல்லாருக்கும் கோப்பு முடிந்தால் சரி.

"நான்தான் குத்தினேன்" என்றான் அவன், பாடம் ஒப்பிப்பதுபோல். "சொந்தப் பகை. வேற யாருக்கும் சம்பந்தமில்ல."

மிசாவோவுக்கு அந்தக் கோட்டைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. தன் உடம்பில் எத்தனை முறை நடிகையின் உடுப்பை மாட்டியிருக்கிறார்கள். முதுகைக் காட்டு, முகத்தைக் காட்டாதே. அதே வேலைதான் இவனுக்கும்.

ஒக்குமுரா தாழ்ந்த குரலில் சொன்னார். "இவன்தான்னு சொன்னா இதோட முடிஞ்சுது, நீ வீட்டுக்குப் போலாம். இல்லன்னு சொன்னா, இல்லன்னு சொல்ற ஒரே ஆளு நீதான். வாசல்ல அவங்க காரு நிக்குது, பாத்தியா?"

"பாத்தேன்."

மேசையைச் சுற்றிக்கொண்டு அவனருகே போனாள். அவன் அண்ணாந்து பார்த்தான். யாரும் எதுவும் உணர்வதற்குள் அவள் வலது கை பாய்ந்தது. தொண்டைக்கு ஓர் அங்குலத்தில் நின்றது. இந்தத் தடவை அவள் நிறுத்தினாள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அய்யோ என்று கத்தி, நாற்காலியோடு மல்லாந்து விழுந்தான். வாசலில் நின்ற போலீஸ்காரன் ஓடி வந்தான். ஒக்குமுரா கையைக் காட்டி அவனைத் தடுத்தார்.

"விழுந்துட்டான் பாருங்க" என்றாள் மிசாவோ. "என் தம்பியக் குத்தினவன் விழல. ரெண்டு தடவ என் முஷ்டி அவன் கழுத்துகிட்ட நின்னுச்சு. ரெண்டு தடவையும் அவன் கண்ணு இமைக்கல. இது அவன் இல்ல."

தரையில் கிடந்தவன் இருமிக்கொண்டே அவள் காலைப் பார்த்துப் பேசினான்.

"நான்தான்னு சொல்லிடுக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும். நான் உள்ள போனா என் பொண்டாட்டி புள்ளைய அவங்க பாத்துப்பாங்க. வெளிய விட்டா எங்க எல்லாரையும் முடிச்சிடுவாங்க."

அவள் குனிந்து அவனை நாற்காலியோடு தூக்கி நிமிர்த்தினாள். கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். அவன்மீது அவளுக்குக் கோபமில்லை. தான் சொல்லப்போவதில் இவன் குடும்பமும் சேர்ந்து அழியலாம் என்று தெரிந்தது. இருந்தாலும் நூடுல்ஸ் கடைக்காரருக்காகப் பேச ஒருவன் இருந்தான், அவனுக்காகப் பேச இவளை விட்டால் யாருமில்லை.

"மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்று அவனிடம் தலை குனிந்து சொல்லிவிட்டு ஒக்குமுராவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பேரு ஷிமொதா. ஒனிஸுகா ஆளு. எங்க வீட்டுக்கு இனிப்பு கொண்டுவந்து குடுத்தான். எழுதிக்கோங்க."

"கோர்ட்ல வந்து இதையே சொல்வியா?" ஒக்குமுராவின் குரல் கரகரத்தது. "நேருக்கு நேரா, அவன் முகத்தப் பாத்து?"

"சொல்றேன்."

"இந்தத் தடவையாவது எங்க விடுதியில வந்து இரும்மா."

"வேணாம் சார். நான் டிராம்லயே போறேன்" என்றாள். "எம்மேல அடி பட்டாதான் நானும் விழுவேன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

ஒக்குமுரா பேனாவை எடுத்தார். மிசாவோ கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, ரயில் பாலத்தடிக் கடையில் தம்பிக்கு ஒரு முட்டை சேர்த்துப் போட்ட மனிதரிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்தக் கறுப்புக் கார் நின்றுகொண்டேயிருந்தது.